ஒரே ஆணியில் எத்தனை சட்டை?

புனே ராஸ்தா பேட்டையில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “தெருவில் போன ஆட்டோவில் ‘இதயக்கோவில்’ படப் பாட்டு ஒன்று கேட்டது. மதுரைப் பேருந்து நிலையம், டிரங்குப் பெட்டி, வழியனுப்ப வந்த அப்பாவின் முகம் எல்லாம் ஒரே நொடியில் வந்துவிட்டன. ஆனால், இந்த ஊரில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட பீம்சேன் ஜோஷியின் அபங்கங்கள் (மராத்தி பக்திப் பாடல்கள்) எந்த ஒரு நாளையும் நினைவுக்குக் கொண்டுவருவதில்லை. எனக்கு அதிகம் பிடித்தவை அவைதான். ஏன் இப்படி?”

ஒரு பாட்டு நமக்குப் பிடிப்பதும், அது பழைய நாளொன்றை எழுப்புவதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலைக்குப் பாட்டின் தரம் முக்கியமே அல்ல. அந்தப் பாட்டோடு எத்தனை சம்பவங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதே முக்கியம். நினைவைத் தூண்டும் ஒரு குறிப்போடு சேரும் விஷயங்கள் பெருகப் பெருக, அவற்றில் ஒன்றைத் தனியே எழுப்பும் சக்தி அந்தக் குறிப்புக்குக் குறைகிறது என்று 1975-இல் ஓல்கா வாட்கின்ஸ், மைக்கேல் வாட்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது வெறும் சொற்பட்டியல்களை. பாட்டுக்கும் அது அப்படியே பொருந்துகிறது என்பது என் கருத்து.

சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரே ஒரு சட்டை தொங்கினால், இருட்டில் கை நீட்டினாலும் அதுதான் வரும். சட்டையோடு அதன் பையில் கிடக்கும் பயணச்சீட்டும் சில்லறையும் சேர்ந்தே வரும். அதே ஆணியில் இருபது சட்டைகளை மாட்டிப் பாருங்கள். கைக்குத் துணிக்குவியல்தான் அகப்படும், எந்தச் சட்டை எந்த நாளுடையது என்று தெரியாது. புனேக்காரருக்கு அபங்கம் அப்படிப்பட்ட ஆணி. ஆஷாட ஏகாதசி யாத்திரைக்காக ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பால்கி என்ற பல்லக்கு ஊர்வலம் ஊருக்குள் வரும்போது அதே குரல், கணபதி மண்டபத்தில் அதே குரல், பக்கத்து வீட்டு வானொலியில் விடிகாலையில் அதே குரல். மிஞ்சுவது ‘புனே’ என்ற ஒட்டுமொத்த உணர்வு மட்டும்.

சினிமாப் பாட்டின் ஆயுளோ வேறு மாதிரி. வந்த புதிதில் சில மாதங்கள் டீக்கடை, கல்யாண வீடு, பேருந்து என்று எங்கும் ஒலிக்கும். பிறகு அடுத்த படம் வந்து அதை ஓரங்கட்டிவிடும். வாசகரோ ஊரையே விட்டுக் கிளம்பிவிட்டார். அந்த ஆணியில் வேறு சட்டை விழ வாய்ப்பே இல்லை. அதோடு, பூச்சு ஈரமாக இருக்கும்போது, அதாவது இளமையில், அறைந்த ஆணி அது. பத்து வயது முதல் முப்பது வரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த முடிவு. ஆணியின் தலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதாவது கேட்டது சிறு துணுக்கே ஆனாலும், கை அதைக் கண்டுபிடித்துவிடும். பழகிய பாட்டின் துணுக்கைக் கேட்டால் 100 முதல் 300 மில்லிநொடிக்குள் கண்மணி விரிகிறது என்று லண்டன் ஆய்வாளர்கள் 2019-இல் அளந்தார்கள். ஆட்டோ கடந்து போகும் நேரம் அதற்குத் தாராளம்.

எல்லாப் பாட்டும் இப்படிச் செய்யும் என்று நம்பிவிட வேண்டாம். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் பீட்டர் ஜனாட்டா குழுவினர், மாணவர்களின் சிறுவயதிலும் பதின்வயதிலும் பிரபலமாக இருந்த பாடல்களின் துணுக்குகளை அவர்களுக்கே ஒலிக்கவிட்டார்கள். சொந்த நினைவை எழுப்பியவை சராசரியாக 30 விழுக்காடுதான். 2007-இல் வெளியான கணக்கு இது.

பீம்சேன் ஜோஷியைப் பற்றியே ஒரு கதை உண்டு: கதக் ஊர்ச் சிறுவன் பீம்சேன், அப்துல் கரீம் கானின் ஜிஞ்ஜோட்டி ராகத் தும்ரியை இசைத்தட்டில் கேட்டு, 1933-இல் 11 வயதில் குருவைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்பினார். பாட்டின் நினைவு சக்திக்கு இந்தக் கதையைச் சான்றாகக் காட்டுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லப்பட்ட கதை, சொல்லிச் சொல்லியே நிலைத்திருக்கும்.

‘இந்த இசையைக் கேட்டால் ஞாபகசக்தி கூடும்’ என்ற விளம்பரங்களையும் நம்பாதீர்கள். பாட்டு நினைவாற்றலை வளர்ப்பதில்லை, ஏற்கெனவே பதிந்திருப்பதைத் தொடுகிறது, அவ்வளவுதான். மறதிநோய் கண்டவர்களுக்கான இசைச் சிகிச்சை பற்றி 2018-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும், மனச்சோர்வு குறையக்கூடும், அறிவாற்றலில் பெரிய மாற்றம் இராது என்றே சொல்கிறது. மனச்சோர்வு குறைவதே பெரிய விஷயம்.

ஆகவே, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: பதினைந்து, இருபது வயதில் எந்தப் பாட்டு, எந்த ஊர், பக்கத்தில் யார்? எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடல்களைத் தினமும் கைபேசியில் ஓடவிட்டுச் சமையலுக்கும் சலவைக்கும் பின்னணியாக்கிவிடாதீர்கள். எப்போதாவது, அவர்களோடு உட்கார்ந்து கேட்பதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.