மூடப்போகும் கடையில் பொருள் வாங்குதல்

‘கடை காலி’, ‘குளோசிங் சேல்’, ‘அசலுக்கும் கீழே’ என்று துணிப் பலகை கட்டிய கடைகளில் பொருள் வாங்கியவர்கள் பின்னர் எழுப்பும் குறைகள், சூளகிரியிலும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே தடத்தில் செல்வதைக் காணலாம்: விலையில் ஏமாந்துவிட்டோம் என்று தொடங்கும் பேச்சு, பில் எங்கே என்ற கேள்விக்கு விடையில்லாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. கடை உண்மையிலேயே மூடப்படுகிறதா, மூடுவதாகச் சொல்லியே ஆண்டுக்கணக்கில் நடத்தப்படுகிறதா என்று ஆராய்வதில் காட்டும் அக்கறையை, மூடுவது உண்மையானால் இடர் கூடுகிறதே என்பதில் வாங்குபவர்கள் காட்டுவதில்லை. நாளையும் திறந்திருக்கும் கடையில் வாங்கிய மிக்ஸி ஓடாவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிச் செல்லலாம். அடுத்த மாதம் இல்லாமற்போகும் கடையில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே அங்கே கிடைக்கும் தள்ளுபடியின் ஒரு பகுதி, திரும்பிச் செல்லும் வசதியை இழப்பதற்கான ஈடு என்றே கொள்ளத்தக்கது; அந்த ஈடு போதுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தள்ளுபடி எந்த விலையிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதை முதலில் காண வேண்டும். பெட்டியின் மேல் அச்சிடப்படும் எம்.ஆர்.பி., அதாவது எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்சச் சில்லறை விலை, அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பே தவிர, அன்றாடம் விற்கும் விலையன்று. மருந்து போன்ற சிலவற்றை விடுத்தால், அந்த உச்சவரம்பை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். மின்விசிறியும் குக்கரும் ஆண்டு முழுவதும் எம்.ஆர்.பி.க்குக் கீழே விலைபோகும் சந்தையில், எம்.ஆர்.பி.யிலிருந்து 40 விழுக்காடு கழிவு என்ற பலகை, பக்கத்துக் கடையின் வழக்கமான விலையையே பெரிய எழுத்தில் சொல்வதாக இருக்கக்கூடும். ஏ.சி., பெரிய திரைத் தொலைக்காட்சி ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டதால், பழைய சரக்கின் எம்.ஆர்.பி.யைக் காட்டி வரிக்குறைப்பையே கடைக்காரரின் தாராளம் என்று நம்பவைக்கவும் இயலும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விலைக்குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாள்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்ற விதி 2022 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. இங்கே அந்த வேலையை வாங்குபவரே செய்தாக வேண்டும்: மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள பொருளின் விலையைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலும் வேறு இரண்டு கடைகளிலும் கேட்டறிய அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியைச் செலவிடாமல் பாதி விலை என்ற சொல்லுக்குப் பின்னால் ஓடுபவரைக் காப்பாற்றச் சட்டத்தாலும் முழுமையாக இயலாது.

மெய்யாகவே மூடப்படும் கடையிலும் மலிவு முதல் நாளிலேயே வந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் பெரிய அங்காடிகள் மூடப்படும்போது சரக்கை விற்றுத் தீர்க்கும் பொறுப்பு அதற்கெனவே உள்ள நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படுவது வழக்கம். 2009-இல் மூடப்பட்ட சர்க்யூட் சிட்டி மின்னணுக் கடைகளில், பொருள்கள் முதலில் பட்டியல் விலைக்கு ஏற்றப்பட்டு அங்கிருந்து கழிவு தரப்பட்டதால், தொடக்க வாரங்களில் சில பொருள்களின் விலை முந்தைய சலுகை விலையையும் தாண்டி நின்றது. நாள் செல்லச் செல்லக் கழிவு கூடும். ஆனால் கழிவு கூடும்போது நல்ல சரக்கு போய்விட்டிருக்கும், எஞ்சுவன யாருக்கும் பொருந்தாத அளவுச் சட்டைகளும் நிறம் மங்கிய காட்சிப் பொருள்களுமே. இங்குள்ள சிறு வணிகருக்கும் விரைந்து விற்றுத் தீர்க்க நேர்மையான காரணம் உண்டு: ஜி.எஸ்.டி. பதிவை நீக்கிக்கொள்பவர், கையிருப்புச் சரக்கின் மீது எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலின்போது செலுத்தியதற்காக ஈடுகட்டிக்கொண்ட வரியை, திருப்பிச் செலுத்த நேரிடும். எனவே மூடும் கடைகள் எல்லாம் ஏமாற்று என்பது தவறு. ஆயினும் பிரான்சில் இத்தகைய விற்பனைக்குச் சரக்குப் பட்டியலோடு நகராட்சியில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் நடத்தக் கூடாது என்றிருக்க, இந்தியாவில் அதற்கெனத் தனி அனுமதி முறை இல்லாததால், ‘கடைசி 5 நாள்’ என்ற பலகை மூன்று தீபாவளிகளைக் கண்டாலும் கேட்பாரில்லை.

கர்நாடக எல்லைப்பகுதியில் இச்சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. கல்யாண மண்டபத்தை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, பெங்களூரில் மூடிய கடையின் சரக்கு என்று கூறி நடத்தப்படும் தள்ளுபடி மேளாக்களில், சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் சம்பளம் வந்த வாரத்தில் வாங்குகின்றனர், பணம் யு.பி.ஐ. வழியே எவர் பெயருக்கோ போகிறது, கையில் துண்டுச் சீட்டு வருகிறது. தமக்கு நிலையான கடை இல்லாத மாநிலத்தில் அவ்வப்போது வரிக்குரிய பொருளை விற்பவர் ‘தற்காலிக வரி செலுத்துநர்’ எனப்படுகிறார். அவர் தொழில் தொடங்குவதற்கு 5 நாள் முன்னதாகவே அந்த மாநிலத்தில் ஜி.எஸ்.டி. பதிவுக்கு விண்ணப்பித்து, வரியையும் முன்வைப்பாகச் செலுத்த வேண்டும், நீட்டிக்கப்படாவிட்டால் அப்பதிவு 90 நாள்களுக்கு மேற்படாது. பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. சூளகிரி மண்டபத்தில் விற்ற பொருளுக்கு 29-இல் தொடங்கும் பில் தரப்பட்டால், அங்கேயே கேள்வி கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் கடவுச்சொல் ஏதுமின்றி அந்த எண்ணை உள்ளிட்டால், உரிமையாளரின் சட்டப்பூர்வப் பெயர், முதன்மை முகவரி, பதிவு நடப்பில் உள்ளதா நீக்கப்பட்டதா என்ற நிலை ஆகியவை தெரியும். ஆண்டு விற்பனை வரம்புக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கு இந்த எண் இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் கடையின் பெயர், முகவரி, தேதி, பொருளின் மாடல் எண், வரிசை எண் ஆகியவை எழுதிய பில் வேண்டும்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வழக்கமான விலையைப் பற்றிப் பொதுமக்களைத் தவறாக நம்பவைப்பதையும், சலுகை விலையில் விற்கும் எண்ணமே இல்லாமல் அவ்வாறு விளம்பரம் செய்வதையும், பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பதையும் ‘நேர்மையற்ற வணிக நடைமுறை’ என்று வரையறுக்கிறது. ஆகவே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் எழுதிவைத்துவிட்டுப் பழுதான பொருளைத் தள்ளிவிட இயலாது; மனம் மாறியதற்காகத் திருப்பித் தருவது மட்டுமே கடைக்காரரின் விருப்பம். ‘40 விழுக்காடு கழிவு’ என்று விளம்பரம் செய்துவிட்டுக் கழித்த விலைமேல் தனியாக வாட் வரி வாங்கியதை, உட்லண்ட் காலணி நிறுவனம் தொடர்பான வழக்கில் 2017 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் நேர்மையற்ற நடைமுறை என்று கூறியது, எம்.ஆர்.பி.யில் வரி ஏற்கெனவே அடங்கியுள்ளது என்பதே காரணம். அதே உத்தியை ஜி.எஸ்.டி. பெயரில் செய்யும் பில்களைப் பார்த்தும் பணம் கொடுத்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கின்றனர்.

தீர்வுக்கான வேலை, பணம் கொடுக்கும் முன்பே தொடங்குகிறது. வாசற்பலகை, விலைச்சீட்டு, பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. ஆகிய மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். அச்சிட்ட எம்.ஆர்.பி.யின் மேல் கூடுதல் விலை ஒட்டப்பட்டிருந்தாலோ அச்சிட்ட விலை அழிக்கப்பட்டிருந்தாலோ அது பொட்டலப் பொருள் விதிகள், 2011-க்கு எதிரானது. குறைந்த விலையை ஒட்டுவதற்கு இடமுண்டு, அதுவும் பழைய விலையை மறைக்காமல். இதற்கான புகாரைக் காவல் நிலையத்தில் கொடுத்துப் பயனில்லை. சட்டமுறை எடையளவுப் பணியைத் தமிழ்நாட்டில் கவனிப்பது தொழிலாளர் துறை என்பதால், மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கே அது செல்ல வேண்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அன்றே வாங்கப்பட வேண்டும், கடை மூடியபின் சேவை மையத்தில் காட்ட வேறு சான்று இராது. ‘கடை வாரண்டி’ என்பது மூடப்போகும் கடையில் வெறுஞ்சொல், தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதமே கணக்கு.

குறை எழுந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இது சமரசத்துக்கான வழியே தவிர தீர்ப்பு வழங்கும் இடமன்று, அங்கே பதிந்துவிட்டுக் காத்திருப்பதே போதும் என்று எண்ணி நாளைக் கடத்தக் கூடாது. தவறான விளம்பரம் குறித்து மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் புகார் தரலாம் என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தரும் மனுவில் இப்பிரிவைப் பெயர் சொல்லி எழுதாவிட்டால், அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு திரும்புவதே வழக்கமாகிவிட்டது. மனுவுக்கு ஒப்புகை எண் வாங்காமல் வெளியே வருவது, மனு கொடுக்காததற்கு ஒப்பாகும்.

இழப்பீடு வேண்டுவோர் செல்ல வேண்டிய இடம் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகள் அதன் வரம்புக்குள் வரும். விலை 5 இலட்சம் வரை கட்டணமே இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. எல்லையோர மக்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு: 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோ மட்டும் தாக்கல் செய்ய முடிந்தது, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே செய்யலாம், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக் கடையில் வாங்கிய சூளகிரிக்காரர் அதற்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. முதலில் கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, 15 நாள் அவகாசம் தந்து, பின்னர் புகார் மனு, பிரமாணப் பத்திரம், பில், படங்கள், அறிவிப்பின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து நேரிலோ இணையவழியிலோ தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை காலமுண்டு என்றாலும், மூடப்போகும் கடையைப் பொறுத்தவரை இந்த இரண்டு ஆண்டு ஒரு பொறி: பூட்டிய கதவிலிருந்து அறிவிப்பு ‘இடம் மாறிவிட்டார்’ என்று திரும்பி வரும். எனவே உரிமையாளரின் பெயரும் முகவரியும் உள்ள ஜி.எஸ்.டி. தளப் பக்கத்தைப் பொருள் வாங்கிய அன்றே சேமித்து வைப்பதும், பழுதுக்கான வழக்கில் தயாரிப்பு நிறுவனத்தை இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதும் விட்டுவிடக் கூடாதவை. பில் இல்லாதவருக்கு இவற்றில் எதுவுமே எளிதன்று என்பதை மீண்டும் சொல்ல வேண்டியுள்ளது.

தள்ளுபடியைவிடப் பெரிய இழப்பு, மூடும் கடையிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்களுடையது. முன்பணம், பரிசுக் கூப்பன், தீபாவளிச் சீட்டு, நகைச் சேமிப்புச் சீட்டு ஆகியவற்றை வைத்திருப்பவர்கள், ‘குளோசிங் சேல்’ பலகையைக் கண்டவுடன் அவற்றை அன்றே பொருளாக மாற்றிக்கொள்ள வேண்டும். 2023 அக்டோபரில் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸின் பல ஊர்க் கிளைகள் மூடப்பட்டபோது, பணம் கட்டியவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறையில் புகார் அளிக்க நேர்ந்தது. முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்கான தமிழ்நாட்டுச் சட்டம், 1997-இன் கீழ் அப்பிரிவு சொத்துகளை முடக்க வழிசெய்யும், ஆனால் பணம் திரும்ப ஆண்டுகள் ஆகும். கணக்கை முடித்துத் தருகிறோம் என்று கூறிச் சீட்டுப் புத்தகத்தைக் கேட்கும் ஊழியரிடம் மூலத்தைக் கொடுத்துவிடாமல், ஒவ்வொரு பக்கத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு, நகலின் மேல் கடை முத்திரையுடன் கையெழுத்து வாங்கிய பிறகே மூலத்தை ஒப்படைக்க வேண்டும்.