குளத்தின் வரவு செலவு

மேற்கு வங்காளத்திலும், ஒடிசாவிலும், ஆந்திரத்தின் கொல்லேறு ஏரியைச் சூழ்ந்த பகுதியிலும் மீன் வளர்ப்போர் அஞ்சும் வேளை ஒன்று உண்டு. விடியலுக்குச் சற்று முன்னுள்ள நேரமே அது. சில நாட்கள் வானம் மூடியிருந்து, காற்றும் அசையாமல், புழுக்கம் மிகுந்த இரவு கழியும்போது, குளத்து மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வெயில் ஏறியதும் அவை மீண்டும் ஆழத்திற்குச் சென்றுவிடுவதுண்டு. அதற்கு முன்பே மடிந்து மிதப்பதும் உண்டு. மாலை வரை நலமாயிருந்த மீன்கள் இவ்வாறு ஓரிரவில் மடிவதற்குக் காரணம் நஞ்சன்று, நோயுமன்று. குளத்தின் கணக்கில் பிராணவாயுவின் வரவைக் காட்டிலும் செலவு மிகுந்துவிட்டதே காரணமாகும்.

இக்கணக்கை அறிந்துகொள்வது மீன் வளர்ப்போருக்கு மட்டும் உரிய வேலையன்று. காடு, வயல், கடல் ஆகிய எல்லாவற்றிலும் உயிர் வாழ்க்கை இதே கணக்கின் மீதுதான் நடைபெறுகிறது. குளம் சிறியது; அதன் எல்லை கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் கணக்கை அங்கே எளிதிற் காணலாம்.

பகலின் வரவு

குளத்து நீரில் கரைந்துள்ள பிராணவாயுவில் ஒரு பகுதி மேலுள்ள காற்றிலிருந்து வருகிறது. தேங்கிய நீரில் இவ்வரவு சிறிது. பெரும்பகுதியை நீரில் மிதக்கும் நுண்பாசிகளே உண்டாக்குகின்றன. இவை தனித்தனியே கண்ணுக்குப் புலப்படா; நீரின் பசுமை நிறத்தால் மட்டுமே இவற்றின் இருப்பை அறிகிறோம்.

பாசியிலுள்ள பச்சையம் கதிரவனின் ஒளியை ஏற்கிறது. அவ்வொளியின் சக்தியால் கரியமில வாயுவும் நீரும் சர்க்கரைப் பொருளாக மாறுகின்றன, பிராணவாயு வெளிப்படுகிறது. ஒளிச்சேர்க்கை எனப்படுவது இதுவே. இதற்கு ஒளி இன்றியமையாதது என்பதையும், செடியின் பசுமையான பகுதிகளே இதனைச் செய்கின்றன என்பதையும் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் 1779ஆம் ஆண்டில் நிறுவினார். நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ், நீர்ச்செடியான ஹைட்ரில்லாவைக் கொண்டு இச்செயலை ஆராய்ந்தார். அச்செடி வெளியிடும் பிராணவாயுவின் அளவைத் தானே பதிவு செய்யும் கருவியையும் அமைத்தார். ஒளிச்சேர்க்கையைப் பற்றிய அவருடைய நூல் 1924இல் வெளிவந்தது.

264 கிராம் கரியமில வாயுவும் 108 கிராம் நீரும் சேர்ந்தால் 180 கிராம் குளுக்கோஸும் 192 கிராம் பிராணவாயுவும் கிடைக்கின்றன. இருபுறமும் கூட்டினால் 372 கிராமே. பொருள் கூடவுமில்லை, குறையவுமில்லை. புதிதாய்ச் சேர்ந்தது ஒளியின் சக்தி மட்டுமே. அவ்வாறு சேர்த்து வைக்கப்பட்ட சக்தி ஏறத்தாழ 686 கிலோ கலோரியாகும்.

இரவின் செலவு

சுவாசம் என்பது இதற்கு நேர்மாறான செயல். சர்க்கரை பிராணவாயுவுடன் கூடிச் சிதைந்து, மீண்டும் கரியமில வாயுவும் நீரும் ஆகிறது. அடங்கியிருந்த சக்தி வெளிப்பட்டு உயிரின் வேலைகளுக்குப் பயன்படுகிறது. மீன், நத்தை, புழு, அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியா ஆகிய யாவும் சுவாசிக்கின்றன. செடிகள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என்று பலர் எண்ணுவதுண்டு. அது தவறு. பாசியும் செடியும் இரவு பகல் இரண்டிலும் சுவாசிக்கின்றன. பகலில் ஒளிச்சேர்க்கையின் வரவு மிகுதியாயிருப்பதால் அச்செலவு தெரிவதில்லை. பொழுது சாய்ந்ததும் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. ஆகவே குளத்திலுள்ள பிராணவாயு மாலையில் மிகுந்தும், விடியலுக்கு முன் குறைந்தும் காணப்படுகிறது.

இங்கு நீரின் இயல்பையும் கருத வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. காற்றோடு கலந்து நிறைவுற்ற ஒரு லிட்டர் நீரிலோ, 30 டிகிரி வெப்பத்தில், ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். 20 டிகிரியில் அது 9 மில்லிகிராம் அளவிற்கு உயரும். நீர் சூடேற ஏறக் கையிருப்பு குறைகிறது. அதே வேளையில் உயிர்களின் சுவாசமோ, பொதுவாக, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இருமடங்காகிறது. வெப்ப நாடுகளின் குளங்கள் குறைந்த முதலும் மிகுந்த செலவும் உடையவை என்பது இதனால் விளங்கும்.

மூன்று புட்டிகள்

குளத்தின் வரவு செலவை அளப்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. 1927ஆம் ஆண்டில் கார்டர், கிரான் ஆகிய இருவரும் நார்வேக் கடற்கரையில் செய்த ஆராய்ச்சியின் பயனாக அது வழக்கிற்கு வந்தது. ஒரே இடத்து நீரை மூன்று புட்டிகளில் நிரப்ப வேண்டும். முதற் புட்டியின் பிராணவாயுவை உடனே அளந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, ஒளி புகும் வெண்ணிறப் புட்டி; மூன்றாவது, ஒளி புகாதவாறு கருமை பூசப்பட்டது. இவ்விரண்டையும் நீர் எடுத்த ஆழத்திலேயே சில மணி நேரம் தொங்கவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தொடக்கத்தில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருந்த பிராணவாயு, வெண்ணிறப் புட்டியில் 9 ஆகவும் கரும்புட்டியில் 4 ஆகவும் மாறியிருப்பதாகக் கொள்வோம். கரும்புட்டியில் குறைந்த 2 மில்லிகிராம் சுவாசத்தின் செலவு. வெண்ணிறப் புட்டியில் கூடிய 3 மில்லிகிராம், செலவு போக எஞ்சிய நிகர வரவு. இரண்டையும் கூட்டினால் மொத்த வரவு 5 மில்லிகிராம். 32 பங்கு பிராணவாயு வெளிப்படும்போது 12 பங்கு கார்பன் பாசியின் உடலிற் சேர்வதால், இந்த 5 மில்லிகிராமைக் கொண்டே ஏறத்தாழ 1.9 மில்லிகிராம் கார்பன் சேர்ந்தது என்றும் கணக்கிடலாம்.

திரும்பும் கார்பன், திரும்பாத சக்தி

பாசியை மிதவை நுண்பிராணிகள் உண்கின்றன. அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களை விரால், வாளை போன்ற ஊனுண்ணிகளும் உண்கின்றன. மடிந்த யாவற்றையும் அடிச்சேற்றின் பாக்டீரியாக்களும் பூசணங்களும் சிதைக்கின்றன. ஒவ்வொரு படியிலும் சுவாசத்தால் கார்பன் கரியமில வாயுவாக நீருக்குத் திரும்புகிறது. மறுநாள் ஒளியில் மீண்டும் பாசியாகிறது. இன்று மீனின் உடலிலுள்ள கார்பன் அணு, நாளை பாசியிலும் பின்னர் நத்தையிலும் இருத்தல் கூடும்.

சக்தி அவ்வாறு சுற்றி வருவதில்லை. சுவாசத்தில் வெளிப்பட்டு வெப்பமாக மாறிய சக்தியை எந்தப் பாசியும் மீண்டும் பற்ற இயலாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள சீடார் பாக் என்னும் சிற்றேரியை ஐந்தாண்டுகள் ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன் இதனை எண்களால் விளக்கினார். அவருடைய கணக்கின்படி, ஆண்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது விழும் ஏறத்தாழ 1,19,000 கலோரி ஒளிச்சக்தியில் தாவரங்கள் பற்றியது 111 கலோரி மட்டுமே. தாவர உண்ணிகளை அடைந்தது ஏறத்தாழ 15 கலோரி. ஊனுண்ணிகளை அடைந்தது 3 கலோரி. இக்கட்டுரை அச்சேறும் முன்னரே, 1942ஆம் ஆண்டில், தமது 26 வயதில் லிண்டமன் காலமானார். சூழ்நிலை மண்டலங்களை ஆராயும் துறைக்கு அக்கட்டுரை அடிப்படையாயிற்று.

குளத்தில் இதன் பயன்

இந்திய மீன் வளர்ப்போர் கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய கெண்டை இனங்களை ஒரே குளத்தில் வளர்ப்பதன் சிறப்பு இப்போது விளங்கும். கட்லா மேல்மட்டத்து நுண்பிராணிகளையும், ரோகு நடுமட்டத்துத் தாவரப் பொருள்களையும், மிரிகால் அடித்தளத்து மட்கலையும் உணவாகக் கொள்கின்றன. இவற்றின் உணவுச் சங்கிலி குறுகியது. எனவே சக்தியின் இழப்பும் குறைவு. குஞ்சுகளை விடுமுன் விராலையும் வாளையையும் குளத்திலிருந்து நீக்குவது குஞ்சுகளைக் காப்பதற்காக மட்டுமன்று. அவை வாழ்ந்தால் பல கிலோ கெண்டை ஒரு கிலோ விராலாகச் சுருங்கிவிடும்.

சாணம் முதலிய எருவை இடுவதால் பாசி செழிக்கும், மீனும் பெருகும். ஆயின் அளவு மீறினால் இலாபமே நட்டமாகும். மட்கும் எருவை உண்ணும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவை மிகுதியாகச் செலவிடும். பாசி மண்டிய நீரில் ஒளி கீழே இறங்காது. மேற்பாசி மட்டுமே ஈட்ட, அனைத்துப் பாசியும் செலவு செய்யும். இந்நிலையில் இரண்டு மூன்று நாட்கள் மேகம் மூடினால் விடியலில் கையிருப்பு தீர்ந்துவிடும். எனவே மேகமூட்டமான நாட்களில் எருவையும் தீவனத்தையும் நிறுத்துதல், புதுநீர் பாய்ச்சுதல், பின்னிரவில் நீரை அலைத்துக் காற்றோடு கலக்கச் செய்தல் ஆகியவை குளத்தைக் காக்கும் வழிகளாகும்.

பூமியின் கணக்கு

பூமி முழுவதற்கும் இத்தகைய கணக்கு உண்டு. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958ஆம் ஆண்டு முதல் காற்றின் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். வட பாதியில் செடிகள் தழைக்கும் கோடையில் அது குறைவதையும், குளிர்காலத்தில் கூடுவதையும் அவர் கண்டார். குளத்தில் ஒரு நாளில் நிகழ்வது பூமியில் ஓராண்டில் நிகழ்கிறது. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஊடே அளவு ஆண்டுதோறும் உயர்ந்தும் வந்தது. பத்து லட்சம் பங்கு காற்றில் அன்று ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, இன்று 420ஐக் கடந்துவிட்டது.

நிலத்துத் தாவரங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 கோடி டன் கார்பனைப் பற்றுகின்றன. தாவரங்கள், பிராணிகள், மண்ணின் நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் சுவாசம் அதில் மிகப் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் சேர்வது ஏறத்தாழ 1,000 கோடி டன். முன்னதோடு ஒப்பிட்டால் இது சிறிதே. ஆயினும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்து, கணக்கை விட்டு நீங்கியிருந்த கார்பன் இது. இதற்கு ஈடான புதிய ஒளிச்சேர்க்கை இல்லை. ஏறத்தாழ பாதியைக் காடுகளும் கடல்களும் ஏற்கின்றன; எஞ்சியது காற்றில் தங்குகிறது.

செலவு மிகுந்தாலும் குளம் உடனே அதனைக் காட்டுவதில்லை. மாலை வரை நீர் தெளிவாகவே இருக்கும், மீன்களும் துள்ளும். ஆகையால் மீன்கள் மேலே வரும்வரை காத்திராமல், முதல் நாள் மாலையிலேயே நீரை அளந்து பார்ப்பவரே தேர்ந்த மீன் வளர்ப்பாளர் ஆவார்.