ஃப்ரீ படத்துக்கு 38,000 ரூபாய் டிக்கெட்!



வெள்ளிக்கிழமை ராத்திரி. புதுப்படம் ஒன்னை ஃப்ரீயா டவுன்லோட் பண்ணி டிவியில போட்டுப் பார்த்தா என்னன்னு நம்மில் யாருக்குத்தான் தோணியிருக்காது?

என் சித்தி பையனுக்கும் தோணுச்சு. டெலிகிராம்ல வந்த ஒரு ஏபிகே ஃபைலை மொபைல்ல இன்ஸ்டால் பண்ணினான். எஸ்எம்எஸ் பர்மிஷன் கேட்டுச்சு, யோசிக்காம கொடுத்துட்டான். படம் நல்லாவே ஓடுச்சு. காலையில எழுந்து பார்த்தா அக்கவுண்ட்ல 38,000 ரூபாய் காணோம். சம்பளம் வந்து நாலே நாள்.

எப்படிப் போச்சு?

படம் பார்க்குற ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அனுமதி கிடைச்சிட்டா, உங்களுக்கு வர்ற ஓடிபி அவங்களுக்கும் போகும்.

இப்படி நடந்தா, உடனே 1930-க்கு கால் பண்ணுங்க, பேங்க்கிலயும் புகார் கொடுங்க. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, நம்ம கவனக்குறைவால போன பணத்துக்கு, புகார் கொடுக்கும் வரை நாமதான் பொறுப்புன்னு சொல்லுச்சு. புகார் கொடுத்த பிறகு போனா பேங்க் பொறுப்புன்னும் சொல்லுச்சு. என் தம்பி பயத்துல மதியம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

அப்போ காசு கொடுத்துத்தான் பார்க்கணுமா?

கொடுக்கலாம், ஆனா கணக்கா கொடுங்க. நாலு ஓடிடி, ஒவ்வொன்னும் மாசம் 200 ரூபாய்னு வைச்சுக்குவோம். வருஷத்துக்கு 9,600 ரூபாய். நாலையும் ஒரே மாசத்துல பார்க்க நமக்கு நேரம் இருக்கா? ஒரு மாசம் ஒன்னு, அடுத்த மாசம் இன்னொன்னுன்னு மாத்திப் பாருங்க. செலவு 2,400 ரூபாய்தான். மிச்சம் 7,200 ரூபாய், அதாவது மாசம் 600 ரூபாய் எஸ்ஐபி!

இதுக்கு மூணு விஷயம் கவனிங்க:

1. ஆட்டோபே: சந்தா எடுத்த அன்னைக்கே யுபிஐ ஆப்ல ஆட்டோபேயை கேன்சல் பண்ணிடுங்க. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி வர்ற மெசேஜையும் படிக்காம தள்ளிவிடாதீங்க.

2. பிளான்: மொபைலுக்கு மட்டும்னு இருக்குற மலிவான பிளான் டிவியில ஓடாது. வாங்கும் முன்னாடியே பாருங்க. ஓடிடி ஆப்ல டவுன்லோட் பண்ணின படத்தை பென்டிரைவ்ல காப்பி பண்ணியும் பார்க்க முடியாது. டிவியிலேயே அந்த ஆப்பைப் போட்டுக்குறதுதான் வழி.

3. நிஜமான ஃப்ரீ: பல தயாரிப்பு நிறுவனங்கள் தங்களோட பழைய படங்களை யூடியூப்ல முழுசா போட்டிருக்காங்க. விளம்பரம் வரும், ஆனா பணம் போகாது.

தம்பி இப்போ மாசம் ஒரு ஓடிடிதான். போன வாரம் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, டிவியில படம் போட்டு, பாப்கார்னும் கொடுத்தான்!

உங்க போன்ல எத்தனை ஆட்டோபே ஓடுதுன்னு இப்பவே பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. எப்படி கேன்சல் பண்றதுன்னு ஸ்டெப் பை ஸ்டெப்பா நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன். ரூம் மேட்டுக்கும் ஷேர் பண்ணுங்க!