ரயில் ஹாரன் சத்தம்: ஊர் மக்கள் நினைத்தால் நிறுத்த முடியுமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில், படகுத்துறைக்குப் பக்கத்தில் மணிக்கூண்டோடு நிற்கும் சுங்கத் துறைக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது ரயில்வே கட்டடம். டிக்கெட் அங்கே வாங்கலாம், ஆனால் தண்டவாளம் கிடையாது. படகேறி அக்கரைக்குப் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

அதனால் தீவில் இருப்பவர்களுக்கு ரயில் ஹாரன் ஒரு தொல்லையே இல்லை. ஆனால் உலகின் பல ஊர்களில், சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் ரயில் கேட் அருகே வசிப்பவர்களுக்கு இது தினசரி தலைவலி. "நடுராத்திரியில் ஏன் இப்படி அடிக்கணும்?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரயில் சத்தம் இரவில் சராசரியாக 44 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் பரிந்துரைத்தது.

சரி, சத்தத்தை நிறுத்த முடியுமா? முடியும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

ஏன் அடிக்கிறார்கள்?

வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டதும் நிற்காது. நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். எனவே சாலையில் இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும். அவரை எச்சரிப்பதே ஹாரனின் வேலை. அமெரிக்க விதிப்படி கேட்டை அடைய 15 முதல் 20 விநாடிகளுக்கு முன்பே அடிக்கத் தொடங்க வேண்டும். ரயிலுக்கு 30 மீட்டர் முன்னால் சத்தம் 96 முதல் 110 டெசிபல் வரை இருக்க வேண்டும்.

தடை போட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதைச் செய்து பார்த்தது. 1984-க்குப் பிறகு பல ஊர்கள், ஒரு ரயில் பாதையில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஹாரனுக்குத் தடை விதித்தன. அந்த கேட்களில் தடுப்புக் கம்பியும் விளக்கும் இருக்கத்தான் செய்தன. இருந்தும் இரவு நேர விபத்து விகிதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. 1991-இல் மத்திய ரயில்வே நிர்வாகம் அவசர ஆணை போட்டு ஹாரனைத் திரும்பக் கொண்டுவந்தது. விபத்துகளும் குறைந்தன.

'அமைதி மண்டலம்' என்றால் என்ன?

அந்த அனுபவத்தின் பிறகு 2005-இல் புதிய விதி வந்தது. ஹாரன் வேண்டாம் என்றால், அது தந்த பாதுகாப்பை வேறு வழியில் ஊர்தான் ஏற்படுத்தித் தர வேண்டும். சாலையின் இருபுறமும் முழுதாக மூடும் நான்கு தடுப்புக் கம்பிகள், வண்டிகள் எதிர்ப்புறமாக நுழையாதபடி நடுத்தடுப்பு, அல்லது அந்தக் கேட்டையே மூடிவிடுவது போன்ற வழிகள் உண்டு. மண்டலம் குறைந்தது 800 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதை உருவாக்கும் பொறுப்பு நகராட்சி போன்ற உள்ளூர் நிர்வாகத்துடையது. ஆகவே மக்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். அப்போதும், ஆபத்து என்று கண்டால் ஓட்டுநர் ஹாரன் அடிக்கலாம்.

பினாங்கில் என்ன வழி?

இங்கே கேட்டையே எடுத்துவிட்டார்கள். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டபோது, ரயில் கேட்களுக்குப் பதிலாக மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் வந்தன. பட்டர்வொர்த்துக்கு 2015-இல் இடிஎஸ் ரயில் ஓடத் தொடங்கியது. கேட் இல்லையென்றால் கேட்டுக்காக ஹாரன் அடிக்கும் தேவையும் இல்லை. ஆனாலும் தண்டவாளத்தில் ஆள் நடந்தால் ஓட்டுநர் அடித்தே ஆக வேண்டும்; குறுக்குவழி என்று இறங்குவதைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

தீவையும் பட்டர்வொர்த்தையும் இணைக்கப்போகும் எல்ஆர்டி ரயில் உயர்த்தப்பட்ட பாதையில் ஓடும் என்பதால், அதிலும் சாலைக் குறுக்கீடு இருக்காது.

கேட் இருக்கும்வரை?

தமிழ்நாட்டில் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அங்கே கேட்கீப்பர் இருந்தார். ஆனால் கேட் மூடினால்தான் சிக்னல் கிடைக்கும் என்ற இணைப்பு அந்தக் கேட்டில் இல்லை.

அதனால் சத்தத்தால் தூக்கம் கெடும் ஊர் மக்கள் "ஹாரனை நிறுத்துங்கள்" என்று மட்டும் மனு கொடுத்தால் போதாது. "கேட்டைப் பாதுகாப்பாக்குங்கள், அல்லது பாலம் கட்டுங்கள்" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அது நடந்தால் சத்தம் தானாகக் குறையும்.