ரத்தத்தை உறிஞ்சும் 'மர்ம விலங்கு'... வெள்ளகோவில் பட்டிகளுக்குள் புகுவது எது?

காலை 5:20-க்கு போன். வெள்ளகோவில் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கும் சித்தப்பா. "கண்ணு, பட்டியில பதினோரு உருப்படி போச்சு. ரத்தத்த மட்டும் உறிஞ்சிப்போட்டு போயிருக்குது. கறிய தொடவே இல்ல."

நான் பெங்களூரில் பல் கூட விளக்கவில்லை. பத்து நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோக்கள் வந்தன. கூடவே யாரோ எங்கிருந்தோ ஃபார்வேர்ட் செய்த ஒரு வாய்ஸ் நோட். "இது நாயும் இல்லீங்க, சிறுத்தையும் இல்லீங்க. ஏதோ லேப்ல கலப்பினம் பண்ணி, ராத்திரி வேன்ல கொண்டாந்து உட்டு டெஸ்ட் பண்றாங்க. கவர்மென்ட்டுக்கே தெரியும், வெளிய சொல்ல மாட்டாங்க." அன்று இரவிலிருந்து சித்தி தனியாக வாசலுக்கு வரவில்லை. பிள்ளைகள் டியூஷன் போவது நின்றது. சித்தப்பா கட்டிலைப் பட்டியோரம் தூக்கிப் போட்டு, டார்ச்சும் தடியுமாக உட்கார்ந்தார்.

'மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி' என்ற தலைப்பை திருப்பூர், ஈரோடு மாவட்டச் செய்திகளில் நீங்கள் பலமுறை ஸ்க்ரோல் செய்து கடந்திருப்பீர்கள். அந்த 'மர்ம' என்ற ஒரு சொல் ஒரு விவசாயிக்கு எவ்வளவு பணத்தை இழக்க வைக்கும் என்பது எனக்கே அன்றுதான் புரிந்தது.

ஏன் இந்தப் பகுதியில்?

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுற்றுவட்டாரம் மழை குறைந்த மேட்டுநிலம். இங்கே மேய்ச்சலுக்கென்றே கொரங்காடு என்ற தனி ஏற்பாடு உண்டு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடுகள் வளர்ந்தது இந்தக் காட்டில்தான். ஆடுகளை உள்ளே விட்டு படலைச் சாத்திவிட்டால் போதும், கூடவே ஆள் நின்று மேய்க்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான்.

கிளுவை வேலி மாட்டை நிறுத்தும், ஆட்டை நிறுத்தும். நாயை நிறுத்தாது. இரவில் பட்டிக்குள் நெருக்கி அடைத்த செம்மறிகளுக்கு ஓட இடமும் கிடையாது.

கடித்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சித்தப்பா அனுப்பிய போட்டோக்களை எனக்குத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். முதல் போட்டோவைப் பார்த்ததுமே, "தொடை பக்கம் ஜூம் பண்ணுங்க" என்றார்.

சிறுத்தை பொதுவாகக் கழுத்தைப் பிடிக்கும். தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும். பெரும்பாலும் ஒரு ஆட்டை எடுக்கும், மறைவாக இழுத்துப் போகும், அங்கே தின்னும். இழுத்த தடம் மண்ணில் தெரியும். நாய்க்கூட்டம் வேறு மாதிரி. பின்னந்தொடை, வயிறு, காது, வால் என்று கிடைத்த இடத்தையெல்லாம் குதறும். பசிக்காகக் கொல்வதில்லை, ஆடு மிரண்டு ஓட ஓட, துரத்துகிற வெறி ஏறும். பத்து இருபதைக் கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமலே போகும். கடிபடாத குட்டிகள்கூட மிரட்சியிலும் நெரிசலிலும் செத்துக் கிடக்கும்.

தடத்திலும் வித்தியாசம் உண்டு. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சிறுத்தைத் தடத்தில் பொதுவாக நகக்குறி இருக்காது. நாய்த்தடத்தில் விரல்களுக்கு முன்னால் நகம் பதிந்திருக்கும். போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் தீப்பெட்டியோ நாணயமோ வைத்தால் அளவு தெரியும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய தடம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் உறிஞ்சிய ரத்தம்? யாரும் உறிஞ்சவில்லை. இதயம் நின்றதும் ரத்தம் ஓட்டத்தை நிறுத்தி, உடலின் கீழ்ப்பக்கமாக இறங்கி உறையும். பல்குறி சின்னதாக இருந்தால் வெளியே அதிகம் வழியாது. விடிந்து பார்க்கிறவருக்கு, கழுத்தில் இரண்டு ஓட்டை, தரையில் ரத்தமே இல்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதே கதை, 1995-ல்

வெள்ளகோவிலில் இருந்து பாதி உலகம் தாண்டி, கரீபியக் கடலில் இருக்கும் தீவு போர்ட்டோ ரிக்கோ. அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்டது. 1995-ல் அங்கே ஆடுகள் செத்துக் கிடந்தன. மார்பில் ஓட்டை, ரத்தம் இல்லை என்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கனோவனாஸ் ஊரில் ஒரு பெண், முதுகில் முள்வரிசையும் பெரிய கண்களுமாக இரண்டு காலில் நடக்கும் ஓர் உருவத்தைப் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு வந்த பெயர் சுபகாப்ரா. ஸ்பானிய மொழியில் 'ஆடு உறிஞ்சி'. ஊர் மேயரே கூண்டில் ஆட்டைக் கட்டி, ஆட்களைத் திரட்டி இரவு வேட்டைக்குப் போனார். எல் யுங்கே மழைக்காட்டுக்குள் அமெரிக்கர்கள் நடத்திய ரகசிய மரபணு ஆராய்ச்சியில் தப்பிய மிருகம் அது என்று தீவு முழுக்கப் பேச்சு.

பெஞ்சமின் ராட்ஃபோர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதை ஐந்து ஆண்டுகள் துருவி, 2011-ல் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் பெண் சொன்ன உருவம், அதே 1995-ல் வெளியான 'ஸ்பீஷீஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் ராட்சதப் பிராணியோடு அச்சு அசலாகப் பொருந்தியது. படத்தை அவர் பார்த்தும் இருந்தார். பிறகு டெக்ஸாஸில் 'சுபகாப்ரா' என்று பரபரப்பான ஒரு முடியில்லாத சடலத்தை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியபோது, கயோட்டி என்ற ஓநாய் வகைப் பிராணி என்று வந்தது. இப்படி முடியுதிர்ந்து கிடைத்த பிராணிகள் பலவற்றுக்கும் காரணம் சொறிநோய்தான். சொறிபிடித்த நாயை இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் நமக்கும் அடையாளம் தெரியாது.

இதைப் படித்துவிட்டு, 'படிக்காத ஜனங்க, வதந்தியை நம்பிட்டாங்க' என்று முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. போர்ட்டோ ரிக்கோவில் 1956-ல் கருத்தடை மாத்திரையைப் பெண்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அது இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்பது அந்தப் பெண்களில் பலருக்குச் சொல்லப்படவில்லை. அந்தத் தீவின் காடுகளில் ராணுவக் களைக்கொல்லிகளும் தெளித்துப் பார்க்கப்பட்டன. அந்த ஊர்க்காரர் 'ரகசிய ஆராய்ச்சி' என்று சொன்னால், மிருகம் பொய்யாக இருக்கலாம். சந்தேகத்துக்கு ஒரு முகவரி இருந்தது.

நம் நாட்டில் அப்படி நடந்ததா?

நடந்தது, கொசுவை வைத்து. 1970-களின் தொடக்கத்தில் டெல்லியில் 'கொசு மரபணுக் கட்டுப்பாட்டுப் பிரிவு' இயங்கியது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய திட்டம். பணம் அமெரிக்க அரசின் கணக்கிலிருந்து. மலடாக்கிய ஆண் கொசுக்களைக் கிராமங்களில் விட்டால், பெண் கொசுக்களின் முட்டை பொரிக்காது என்பது யோசனை. யோசனையில் தப்பில்லை. ஆனால் ஏன் இந்தியாவில், ஏன் குறிப்பாக டெங்குவையும் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, யானைக்கால் கொசு எல்லாம்? மலேரியாதானே நமக்குப் பெரிய பிரச்சினை?

1974-ல் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் இந்தக் கேள்விகளை எழுப்பியது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. இந்தத் தகவல்கள் உயிரி ஆயுதப் போருக்குப் பயன்படக்கூடியவை என்ற கவலையை 1975 அறிக்கையில் குழு எழுதியே வைத்தது. விஞ்ஞானிகளும் உலக சுகாதார நிறுவனமும் மறுத்தார்கள். ஹரியானாவின் சோனிபட்டில் நடக்கவிருந்த ஏடிஸ் கொசு விடும் சோதனை நிறுத்தப்பட்டது. பிரிவும் அந்த ஆண்டே மூடப்பட்டது. ஆயுதத் திட்டம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் எவ்வளவு தெரிந்து, யாரைக் கேட்டு அந்தக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி நியாயமானது.

'வனத்துறையே கொண்டாந்து உட்டுட்டாங்க'

கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. 2022 ஜனவரியில் அவிநாசி அருகே பாப்பாங்குளத்தில் சிறுத்தை ஆட்களைத் தாக்கியது. மூன்று நாள் கழித்து திருப்பூர் நகருக்குள்ளேயே மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். 2023 மார்ச்சில் காங்கயம்–தாராபுரம் சாலையில் உள்ள ஊதியூர் மலைப்பகுதியில் சிறுத்தை நடமாட்டம். கூண்டு, கேமரா எல்லாம் வைத்தார்கள். பனியன் கம்பெனி ஊருக்குச் சிறுத்தை எப்படி வந்தது என்ற கேள்விக்கு, 'யாரோ கொண்டாந்து விட்டாங்க' என்பது சுலபமான பதில்.

ஊதியூர் சிறுத்தையை யாரும் வேனில் கொண்டுவந்ததற்கு ஆதாரம் இல்லை. சிறுத்தை ஓடை, கரும்புக்காடு, சோளக்காடு வழியாக இரவில் வெகுதூரம் நடக்கும். ஆனால் இடம் மாற்றி விடுவது இந்தியாவில் நடக்காத விஷயமும் அல்ல. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் ஊருக்குள் பிடித்த சிறுத்தைகளைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வுப்படி, முன்பு ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல், அந்தத் திட்டத்துக்குப் பிறகு 17 ஆனது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். விளைவைச் சுமந்தது கிராமத்துக் குடும்பங்கள்.

பேர் மாறினால் பணம் மாறும்

சிறுத்தை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அது ஆட்டைக் கொன்றது என்று உறுதியானால் வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். தெருநாய் வனவிலங்கு அல்ல. அதைக் கட்டுப்படுத்துவது உள்ளாட்சியின் வேலை. 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும். கடித்த ஆட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வெகுநாள் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டார விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்தது இதற்காகத்தான். அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு, 2025-ல்தான் தெருநாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கும் இழப்பீடு தர மாநில அரசு முன்வந்தது.

'மர்ம விலங்கு' என்று எழுதினால்? எந்த மேஜையிலும் அந்த மனு உட்காராது. சித்தப்பா போன முதல் ஆபீஸில், "சிறுத்தைன்னு நிரூபிங்க" என்றார்களாம். இரண்டாவது ஆபீஸில், "நாய்னு யார் பார்த்தா?" மூன்றாவது நாள் அவரே என்னிடம் கேட்டார்: "வேன்ல கொண்டாந்து உடறாங்கன்னு சொல்றானுவ... அதாவது நெசமா இருக்குமா கண்ணு? அவனாச்சும் ஒரு பதில் சொல்றான்ல."

ஆகவே, உங்கள் ஊரில் இப்படி நடந்தால் சடலத்தை உடனே புதைக்க வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பிரேதப் பரிசோதனை செய்து சான்று வாங்குங்கள். கடித்த இடங்களை கிட்டத்தில் போட்டோ எடுங்கள். தடத்தின் மேல் ஆள் நடக்காமல் ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் உள்ளாட்சிக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். சாலையோரம் கோழிக் கழிவு கொட்டுகிற இடம் பக்கத்தில் இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள். நாய்க்கூட்டம் கூடுவது அங்கேதான். இரவில் அவிழ்த்துவிடும் தோட்டத்து நாய்களும் கூட்டத்தில் சேரும். இதை எங்கள் ஊரில் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்.

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு சித்தப்பாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பட்டிக்குப் புதிதாக அடித்த கம்பிவலை, அதன் ஓரம் ஈர மண்ணில் ஒரு தடம், பக்கத்தில் தீப்பெட்டி. நாலு விரல், நாலு நகம், தெளிவாக. கீழே வாய்ஸ் நோட்: "உங்க சித்தி இப்பத்தான் வாசலுக்கு வந்து பார்த்துட்டுப் போறா. ஏங்கண்ணு, இதுக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுக்கறது?"