காயல்பட்டினத்துப் பெருநாள்கள்: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி, ஆறுமுகநேரியைத் தாண்டி, திருச்செந்தூருக்குச் சற்று முன்னால் இறங்கினால் காயல்பட்டினம்! 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 40,588. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முஸ்லிம்கள். இந்த ஊரின் விடுமுறை நாள்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆச்சரியம்!

கடற்கரை ஊரில் பெருநாள் பிறையைக் கடலைப் பார்த்துத்தானே தேடுவார்கள்? அதுதான் இல்லை! இது கிழக்குக் கடற்கரை. பிறை தெரிவதோ மேற்கு வானில், சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்துக்குள்! அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி, பனைமரத் தலைகளுக்கு மேலே கண்ணை ஓட்ட வேண்டும்! மேற்குக் கரைக் கோழிக்கோட்டுக்காரர்களுக்கோ பிறை கடல் மேலேயே கிடைக்கிறது. அங்கே சூரியன் மறைவதும் சில நிமிடம் தாமதம்!

அரசு அச்சிடும் விடுமுறைப் பட்டியலில் ரம்ஜான், பக்ரீத், முஹர்ரம், மிலாது நபி என்று நான்கு நாள்கள் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? மாதக்கணக்கில் முன்னாலேயே தேதி போட்டு விடுவார்கள். ஆனால் பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவிக்கும் வரை எதுவும் உறுதியில்லை! பிறை தெரியாவிட்டால் விடுமுறையே ஒரு நாள் தள்ளிப் போய்விடும்!

அது மட்டுமா? காயலில் இரண்டு வெவ்வேறு நாளில் பெருநாள் கொண்டாடிய ஆண்டுகளும் உண்டு! கண்ணால் பிறை கண்டால்தான் பெருநாள் என்பது ஒரு சாரார். கணக்குப் போட்டு உலகம் முழுக்க ஒரே நாள் என்பது இன்னொரு சாரார். அந்தக் கணக்கு நாள்காட்டிக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் யார் தெரியுமா? மினிக்காய்த் தீவில் பிறந்த அலி மணிக்ஃபான்! மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஒரு மீன் இனத்துக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்! ஆணியே அடிக்காமல், தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய 'சோஹர்' கப்பலின் கட்டுமானத்தைக் கவனித்ததும் அவர்தான். அந்தக் கப்பல் 1980-ல் மஸ்கட்டில் கிளம்பி 1981-ல் சீனா போய்ச் சேர்ந்தது! 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ!

பிறை ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான்! ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நழுவி, 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறது நோன்பு! இப்போது யோசியுங்கள்: இந்தக் கடலில் முத்துக்குளிப்புக்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் மே நடுவரை என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார் மார்க்கோ போலோ. முத்துக் காலம் வெயிலைப் பார்த்து வரும், நோன்பு பிறையைப் பார்த்து வரும். இரண்டும் ஒன்றாக வந்து நின்ற ஆண்டுகளும் இருந்திருக்கும் அல்லவா? சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சித்திரை வெயிலில் கடல்! நினைத்தாலே நாக்கு வறள்கிறது!

போலோ சொன்ன இன்னொன்று! சுறாவை மந்திரத்தால் கட்டிப்போடுபவர்களுக்கு, கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி! அரசருக்கே பத்தில் ஒரு பங்குதான்! அவர் 'காயில்' என்று எழுதிய துறைமுகம் காயல்பட்டினமா, பழைய காயலா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கில் தமிழகக் கரைக்கும் மற்ற இந்தியத் துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 அரபுக் குதிரைகள் வந்திறங்கின. ஒரு குதிரை 220 பொன் தினார்!

சரி, நோன்புக்கு வருவோம். மாலைத் தொழுகையான அஸர் முடிந்ததும் பள்ளிவாசல் பக்கம் போய் நின்று பாருங்கள்! தூக்குச்சட்டியும் கையுமாகப் பிள்ளைகள் வரிசை. உள்ளே அண்டாவில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், ரம்பை இலை எல்லாம் குழைந்து கொதிக்கிறது. கறி போட்ட நாளில் வாசம் தெருமுனை வரை! நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், அடுத்து சுடச்சுடக் கஞ்சி. அதோடு கடித்துக்கொள்ள 'வாடா' என்ற பலகாரம்! பகலெல்லாம் காய்ந்து கிடந்த வயிற்றுக்கு இதைவிட இதமான உணவை இந்தக் கடற்கரையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன்! இந்தக் கஞ்சிக்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களுக்கு அரசு கொடுக்கும் அரிசி எவ்வளவு தெரியுமா? 2025-ல் ஏழாயிரம் டன்னுக்கும் மேல்!

ஒரே புத்தகத்தை முப்பது நாள் ஊரே கூடி உட்கார்ந்து கேட்கும் விழா தெரியுமா? அதுதான் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ்! ரஜப் மாதத்தில் ஸஹீஹுல் புகாரி நூலின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை ஓதி, தமிழில் விளக்கம் சொல்வார்கள். முப்பதாம் நாள் துஆவுக்கு (பிரார்த்தனைக்கு) வெளியூர் போன காயலர்கள் ஊர் திரும்புவார்கள். இது எந்த அரசுப் பட்டியலிலும் இல்லை! ஆனால் ஊர் நெஞ்சில் இதற்குப் பெருநாளுக்கு அடுத்த இடம்!

ஆயிரம் முறை ஒரே பெயரை அழைக்கும் ஓதல்? அதுவும் உண்டு! சூஃபி ஞானி முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானியைப் புகழும் குத்பிய்யத்! விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் அவர் பெயரை ஆயிரம் தடவை சொல்லி அழைக்கும் வழக்கம்! இதை அரபியில் இயற்றியவர் 1632-ல் காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா. கேரளம் வரை பரவியிருக்கிறது!

பெருநாள் காலையில் தாய்வீட்டுக்கு ஓடுவது மகளா, மகனா? காயலில் பெரும்பாலும் மகன்தான்! இங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவார். அதனால் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உம்மாவைப் பார்க்கப் போகிறவர் காக்கா, அதாவது அண்ணன்!

பெண்கள் புழங்குவதற்கென்றே வீடுகளுக்கு இடையே முடுக்குகள்! பெண்கள் தொழுவதற்கென்றே தைக்காக்கள்! ரமலான் இரவுத் தொழுகையை அங்கே பெண்களே முன்னின்று நடத்துகிறார்கள்!

தட்டு ஒன்று, கை மூன்று! எப்படி? விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நெய்ச்சோறு, களரிக் கறி, கத்தரிக்காய் மாங்காய். பணக்காரர் யார், கூலிக்காரர் யார் என்று சஹனுக்குத் தெரியாது!

இன்னொரு வேடிக்கை! ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை! திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும் அப்படியே! மாதாவுக்கும் முருகனுக்கும் காயல் பிள்ளைகளுக்கு லீவு! அதே கடற்கரையில் குலசேகரப்பட்டினத்தில் பத்து நாள் தசரா வேறு!

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இன்னும் ஒரு படி மேல்! அங்கே அரசு முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்குத் தனி நாள்காட்டி. ரமலான் மாதம் முழுக்க விடுமுறை!

கடைசியாக ஒன்று! ஒரே ஆண்டில் இரண்டு நோன்புப் பெருநாள் வருமா? 2000-ல் வந்ததே! ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று! அடுத்தது 2033. கணக்குப்படி ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, டிசம்பர் 23-ஐ ஒட்டி ஒன்று. அதாவது கிறிஸ்துமஸ் வாரத்திலேயே பெருநாள்! காயலில் நெய்ச்சோறு இறக்கும்போது, அதே கடற்கரையின் கிறிஸ்தவ ஊரான மணப்பாட்டில் கேக் வெட்டத் தயாராகிக் கொண்டிருப்பார்கள்!