உங்களுக்குத் தெரியுமா? மின்சாரம் போனாலும் சிதையாத கோப்பு முறைமை

ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மீதே மறுபடி எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுவதுமாக அழித்த பின்னரே எழுதலாம். வகையைப் பொறுத்து, ஒரு தொகுதி பொதுவாகச் சில ஆயிரம் முதல் 1 லட்சம் அழிப்புகள் வரை தாங்கும்.

ஃபேட் கோப்பு முறைமை, கோப்புகளின் இடங்களைக் குறிக்கும் தன் அட்டவணையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் அட்டவணை சிதையலாம்.

லிட்டில்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையோ, புதிய தரவை வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதைக் கைவிடுகிறது. சிறிய மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு இது ஏற்றது.

லினக்ஸ் இயங்கும் சாதனங்களில் கட்டுப்படுத்தி இல்லாத நேண்ட் ஃபிளாஷ் சில்லு இருந்தால், 2008-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட யுபிஐஎஃப்எஸ் கோப்பு முறைமை பொருந்தும். இஎம்எம்சி சில்லுகளில், அழிப்புகளால் வரும் தேய்மானத்தைப் பரவலாக்கும் கட்டுப்படுத்தி உள்ளேயே இருப்பதால், அவற்றுக்கு எக்ஸ்ட்4 அல்லது எஃப்2எஃப்எஸ் கோப்பு முறைமை போதும்.

எதைத் தேர்ந்தாலும், எழுதும்போதே பலமுறை மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.